இரண்டு பேரும் இல்லாத இடம்

ஆடி அமாவாசை என்றால் எனக்கு ஒரு சின்னக் கலக்கம் உண்டு. படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விடும்போது புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். அப்பா பெயர், தாத்தா பெயர் சொல்லிவிடுவேன். கொள்ளுத்தாத்தா என்று வரும்போது நாக்கு ஒரு கணம் நிற்கும். பிறகு "சுப்பராயன்" என்பேன். பூம்புகாரில் என் அப்பா சொன்ன பெயர் அது. வேலை நிமித்தம் தருமபுரி மாவட்டத்துக்கு வந்து பொம்மிடியிலேயே தங்கிவிட்ட பிறகு, ஒகேனக்கல்லில் நானும் அதையே சொல்லி வந்தேன். காவிரி ஒன்றுதானே.

அப்பா கண்மூடுவதற்குச் சில மாதம் முன்பு, "அந்தப் பேர் நான் வைத்ததுடா" என்றார்.

தாத்தா 1894-இல் காரைக்காலில் பிறந்தவர். மேரியில் அவருடைய பிறப்புப் பதிவின் நகலை நான் வாங்கிப் பார்த்தேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் ஒருவர் துணையும் தேவைப்படவில்லை. தாய் பெயர் இருந்தது. தகப்பன் யாரென்று தெரியாது என்று எழுதியிருந்தது. பிரெஞ்சில் 'பேர்' என்றால் அப்பா. தமிழில் பேர் என்றால் பெயர். அந்த இடத்தில் இரண்டு பேரும் இல்லை!

கொள்ளுப்பாட்டி ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் வீட்டில் வேலை பார்த்தவள். தாத்தாவுக்குப் பூனைக்கண். அவ்வளவு போதாதா? "சொல்தாவோ, துரையோ, யாரோ ஒரு வெள்ளைக்காரன்" என்று உறவுக்குள் பேச்சு. வெளியே மூடி மறைத்தாலும், உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எனக்கும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பிள்ளை தகப்பனைத் தேடுவதைப் பிரான்ஸ் அன்று விரும்பவில்லை. 1804-இல் நெப்போலியன் காலத்தில் வந்த சிவில் சட்டம், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் தகப்பன் யார் என்று வழக்குப் போடுவதையே தடுத்தது. 1912-இல்தான் சில நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள். இன்றும் அங்கே நீதிமன்ற உத்தரவு, மருத்துவம், ஆராய்ச்சி இவை இல்லாமல் ஆசைக்கு டி.என்.ஏ. சோதனை செய்துகொண்டால் 3,750 யூரோ வரை அபராதம். நம் நாட்டிலோ 1989-லேயே, மாஹேவுக்குப் பக்கத்துத் தலைச்சேரியில் ஒரு தகப்பன் வழக்கு டி.என்.ஏ. மூலம் தீர்ந்தது. சோதித்தவர் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் லால்ஜி சிங்.

கனடாவில் இருக்கும் என் தம்பி மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தான். "பெரியப்பா, நீங்கள் ஒரு தலைமுறை முன்னாடி இருக்கிறீர்கள். உங்களுடையதுதான் தெளிவாகச் சொல்லும்" என்றான். அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தேன். காபி நேரம் அது, கஷ்டமாகத்தான் இருந்தது.

கணக்கு எளிது. கொள்ளுத்தாத்தா எட்டுப் பேரில் ஒருவர் என்பதில்லை, நான்கு கொள்ளுத்தாத்தா, நான்கு கொள்ளுப்பாட்டி, ஆக எட்டுப் பேர். ஒருவர் பங்கு சுமார் 12.5 சதவீதம். அவர் ஐரோப்பியர் என்றால் ஏறக்குறைய அந்த அளவு என்னிடம் தெரிய வேண்டும். தவிர, ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. கொள்ளுத்தாத்தாவின் ஒய்தான் தாத்தா, அப்பா வழியாக என்னிடம் இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டான். ஐரோப்பா: பூஜ்யம். என் ஒய், 'எச்' என்ற பிரிவு. தென்னிந்தியாவில் நிறையப் பேருக்கு உள்ளது. பூனைக்கண் நம்மவர்களுக்கும் உண்டு என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது.

அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. அதிபர் ஜெஃபர்சனுக்கும் அவர் வீட்டு அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளைகள் உண்டா என்று 1998-இல் ஒய் குரோமோசோமை வைத்துப் பார்த்தார்கள். ஹெமிங்ஸின் மகன் ஈஸ்டனின் வாரிசுக்குப் பொருந்தியது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தாங்களும் ஜெஃபர்சன் வழி என்று நம்பிவந்த உட்சன் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. அவர்கள் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பட்டியலில் தூரத்து உறவுகள் சிலரும் வந்திருக்கிறார்கள். "இவர்களுக்கு எழுதிக் கேட்டால் ஆளைப் பிடித்துவிடலாம்" என்றான் பையன். வேண்டாம் என்றேன். யாரோ ஒரு வீட்டில், நல்லவர் என்று மாலை போட்டு வைத்திருக்கும் படத்தை நான் ஏன் இறக்க வேண்டும்? அதைவிட ஒன்று உறுத்தியது. இத்தனை வருஷமும் அவனைத் தேடினோமே தவிர, அவளைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் விரும்பினாளா, பயந்தாளா, ஏமாந்தாளா? எச்சில் குழாய் அதைச் சொல்லாது. கைப்பிள்ளையோடு தனியே நின்று, பதிவில் தன் பெயரை மட்டும் கொடுத்து, என் தாத்தாவை ஆளாக்கியிருக்கிறாள்.

சென்ற ஆடி அமாவாசையில் புரோகிதர் கேட்டபோது, "கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது சாமி" என்றேன். எழுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேர் தெரியாதவங்களுக்கும் உண்டு, விடுங்க" என்றார்.

விட்டேன். அடுத்துக் கொள்ளுப்பாட்டி பெயர் கேட்டார். முனியம்மாள் என்று சத்தமாகவே சொன்னேன்.