குளித்தால் சம்பளம்

சட்பரி, ஒன்டாரியோ, கனடா



பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பையன் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அண்ணை, எங்களுக்குக் குளிக்கிறதுக்கும் சம்பளம் தாறாங்கள்" என்றான். வேலை ஸ்னோலாபில். இந்த ஊர் கிரைட்டன் நிக்கல் சுரங்கத்துக்குள், 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் ஆய்வுக்கூடம் அது.

அதற்குள் நுழையும் விதியைக் கேளுங்கள். சுரங்கத் தொழிலாளிகளோடு ஒரே கூண்டில் இறங்க வேண்டும், காது அடைக்கும். கீழே போனதும் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நடை. வாசலில் பூட்ஸைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு உடுத்தியிருப்பது அத்தனையும் அழுக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, மறுபக்கம் வந்தால் துவைத்த உடுப்பு, தலைவலை, வேறு பூட்ஸ், வேறு தலைக்கவசம். நோபல் வாங்கியவரானாலும் ஒயர் இழுப்பவரானாலும் இதுதான். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் துடைத்துத்தான் உள்ளே விடுவார்கள். இயந்திரச் சாமான்களுக்குத் தனிக் குளியல். அந்த இடத்துக்கு 'கார் வாஷ்' என்றே பேர். நம் வீட்டில் சாவுக்குப் போய்வந்தவரைக்கூட இவ்வளவு படுத்த மாட்டார்கள்.

காரணம் தூசி. பாறைத் தூசியில் இம்மியளவு யுரேனியமும் தோரியமும் இருக்கும். அங்கே பிடிக்கப் பார்த்தது நியூட்ரினோ என்ற நுண்துகளை. சூரியனிலிருந்து நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் பாய்ந்து போகின்றன. ஏறக்குறைய எல்லாம் ஊடுருவிப் போய்விடும். எப்போதாவது ஒன்று கருவிக்குள் மோதி ஒரு மினுக்குக் காட்டும். தூசியின் கதிரியக்கமும் அதேபோல் மினுக்கும். பிறகு எது சூரியன், எது புழுதி என்று பிரிக்க முடியாது. அதனால்தான் இத்தனை குளியல். 1,000 டன் கனநீரை நிரப்பிவைத்து, சூரிய நியூட்ரினோ வழியிலேயே வகை மாறுகிறது, ஆகவே அதற்கு நிறை உண்டு என்று 2001 ஜூனில் இங்கே சொன்னார்கள். 2015இல் அந்த ஆய்வை நடத்திய ஆர்தர் மெக்டொனால்டுக்கு நோபல் வந்தது, ஜப்பானின் கஜிதாவோடு சேர்த்து.

அசந்துதான் போனேன். கொஞ்ச நேரத்தில் எரிச்சலும் வந்தது.

ஏனென்றால் இதே வடக்கு ஒன்டாரியோவில், 1943 முதல் 1979 வரை, தங்கம், யுரேனியச் சுரங்கங்களில் வேலைக்குப் போகுமுன் இன்னொரு சடங்கு நடந்தது. உடை மாற்றும் அறையின் கதவுகளைச் சாத்திவிட்டு, மெக்கின்டயர் பவுடர் என்ற கறுப்பு அலுமினியத் தூளை ஊதி, நன்றாக மூச்சிழுங்கள் என்றார்கள். சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வராதாம். நுரையீரல் நோய்க்கு நஷ்டஈடு கொடுத்து மாளாத கம்பெனிகளுக்கு அது நல்ல மருந்தாகத் தெரிந்தது. அந்தத் தூளால் வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்நோய் என்று மாகாணம் ஒப்புக்கொண்டது 2022இல்தான். மன்னிப்பும் அந்த வருடமே கேட்டது. கருவிக்கு ஆகாது என்று தூசியைக் கழுவிவிடும் வட்டாரத்தில், ஒரு காலத்தில் வேறொரு தூசியைக் கூலியாளின் நெஞ்சுக்குள் ஊதினார்கள்.

பெருமைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் ஒன்று நம் கோலார் தங்கவயல். 1965இல், 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹமும் சேர்ந்து செய்தார்கள். அந்த ஆழத்தை வெட்டியது யார்? பெரும்பாலும் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து போன தமிழ்க் கூலிகள், அதிலும் மிகுதியும் தலித்துகள். ஆராய்ச்சித் தாளில் அவர்கள் பேர் வரவில்லை. சிலிகோசிஸ் மட்டும் வந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். நாலு மாதம் கழித்துத்தான் சட்பரியின் அறிவிப்பு.

இப்போது நம் கம்பம் பக்கத்துக்கு வருகிறேன். தேவாரம் பக்கம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் குடைந்து, நியூட்ரினோ ஆய்வகத்துக்காக 50,000 டன் இரும்புக் கருவி வைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டம். அதே மாதம் சீனாவில் ஜூனோ நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் பூமிபூஜை. நியூட்ரினோ வகைகளில் எது கனமானது என்ற ஒரே கேள்விக்குத்தான் இரண்டும் கிளம்பின. ஜூனோ 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. நம்முடையது? 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018இல் மத்திய அரசு சிறப்பு அனுமதி தந்தது, 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றது.

மலைக்குள் அணுக்கழிவைக் கொட்டப்போகிறார்கள் என்று பயமுறுத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைவிட, அந்தப் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சிரித்த படித்தவர்கள் மேல் கோபம் அதிகம். நியூட்ரினோ சாது என்று ஆயிரம் தடவை சொன்னார்கள், சரி. ஆடு மேய்ப்பவருக்கு நியூட்ரினோ மேல் என்ன சந்தேகம்? வெடி வைத்து எடுக்கும் லட்சக்கணக்கான டன் கல் எங்கே போகும், புழுதி எந்தத் தோட்டத்தில் படியும், மேய்ச்சலுக்கு வழி விடுவார்களா, முல்லைப் பெரியாறு அணை தாங்குமா? அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக் படத்துக்கு மாலை போடும் ஜனம் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்கும்?

குளியலுக்குச் சம்பளம் என்றதும், விடியுமுன் கம்பம் மெட்டு ஏறும் ஜீப்புகளை நினைத்துக்கொள்கிறேன். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். மருந்தடித்த செடிக்குள் நாள் முழுக்க நின்றுவிட்டு, இருட்டிய பிறகு வந்து, குளித்தால்தான் பிள்ளையைத் தூக்க முடியும். அந்தக் குளியலுக்கு யாரும் சம்பளம் தந்ததில்லை.

எனக்கு அந்த ஆய்வகம் வேண்டும். மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி செய்துகாட்டிய பிள்ளைகளின் உழைப்பு வீணாகக் கூடாது. ஆனால் பொட்டிப்புரத்துக்கு மறுபடி யாராவது வந்தால், நோபல் கதையைக் கடைசியில் சொல்லட்டும். நாளைக்கு எத்தனை லாரி, எந்த ரோடு, கல்லை எங்கே கொட்டுவது, வேலைக்கு எடுக்கும் உள்ளூர்ப் பையன் காவலாளியாகவே ஓய்வு பெறுவானா, நெஞ்சில் தூசி கட்டினால் எந்த ஆஸ்பத்திரி, யார் செலவு - இதெல்லாம் தமிழில், ஒரே தாளில், கையெழுத்தோடு வரட்டும். போடி ஏலக்காய் ஏலத்தைப் பார்த்து வளர்ந்த ஜனம். தாளைப் படித்துவிட்டு விலை பேசுவார்கள்.