சாப்ஸ்டிக்கில் எட்டாவது தூண்

முதல்லயே சொல்லிடறேன். வயசு 29. தொழில் பொட்டி தட்டறது. கல்யாணம் ஆகல, குழந்தை குட்டி கிடையாது. அப்படிப்பட்ட நான் நாலு மாசமா ராத்திரி பதினோரு மணிக்கு மேல உக்காந்து பொம்மை வீடு கட்டிட்டிருக்கேன். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க. என் ரூம்மேட் ஏற்கனவே சிரிச்சாச்சு. "மச்சான், அடுத்து பார்பிக்கு சட்டை தைப்பியா?"ன்னு கேட்டான். பதில் சொல்லல. அப்போ வாயில ஒரு ஸ்க்ரூ இருந்துச்சு.

ஆரம்பிச்சது என்னவோ ஆணியாலதான். ஒரு ரிலீஸுக்காக மூணு வாரம் தூங்காம ஆணி புடுங்கிட்டு, அது முடிஞ்ச அன்னிக்கு டேமேஜர் "குட் ஜாப்"னு ஒரு மெயில் போட்டார். அதுல என் பேர்ல ஒரு எழுத்து தப்பு. அந்த வெறுப்புல ஆன்லைன்ல எதையாவது வாங்கணும்னு மேய்ஞ்சப்ப 1,800 ரூபாய்க்கு இந்த கிட் கண்ணுல பட்டுச்சு. படத்துல ஐரோப்பாவுல எங்கயோ இருக்கற மாதிரி ஒரு காபிக்கடை. மாடி, பால்கனி, ஒரு பியானோ, ஒயின் பாட்டில். சரி, ஒரு மாறுதலா கையால ஏதாவது செய்வோமேன்னு வாங்கிட்டேன்.

டப்பாவைத் திறந்தா லேசரால வெட்டின மெல்லிசு மரப்பலகைகள், துணி, காகிதம், கம்பி, கடுகு சைஸ் மணிகள், மூணு எல்ஈடி, ஒரு பேட்டரி டப்பா. கூடவே சீன மொழியில ஒரு விளக்கத்தாள். அதோட இங்கிலீஷைப் படிச்சதுக்கப்புறம் நான் எழுதற டாக்குமெண்டேஷன் மேல எனக்கு மரியாதையே வந்துடுச்சு. ஒரு நாற்காலிக்கு பதினோரு துண்டு. ஒவ்வொண்ணையும் இடுக்கியால எடுத்து, பசை தடவி, மூச்சை அடக்கி ஒட்டணும். மூச்சு விட்டா நாற்காலி பறந்துடும்!

முதல் வாரமே ஒரு பாடம். ஜன்னல் கண்ணாடிக்குக் கொடுத்திருந்த பிளாஸ்டிக்கை அவசரத்துல சூப்பர் குளூவால ஒட்டினேன். காலையில பார்த்தா ஜன்னல் பூரா பனி பிடிச்ச மாதிரி வெள்ளையடிச்சிருக்கு. அந்தப் பசையோட ஆவி பக்கத்துல படிஞ்சு இறுகி இப்படிப் பண்ணுமாம். பொறுமையா ஃபெவிகால்ல ஒட்டியிருக்கணும். அப்புறம் எல்ஈடி. பேட்டரி எதுக்கு, நம்மகிட்டதான் போன் சார்ஜர் இருக்கேன்னு 5 வோல்ட்டை நேரா கொடுத்தேன். ஒரு செகண்ட் ஜெகஜ்ஜோதி. அப்புறம் ஒரு வாசனை. ரெண்டு எல்ஈடி காலி. வெள்ளை எல்ஈடிக்கு 3 வோல்ட் போதும். மிச்சம் 2 வோல்ட், கரண்ட் 20 மில்லி ஆம்பியர், வகுத்தா 100 ஓம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தா தப்பிச்சிருக்கும். நாலு வருஷம் ஈசிஈ படிச்சவன் செய்யற வேலையா இது? ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் எல்ஈடியும் ரெசிஸ்டரும் வாங்கிட்டு வந்தேன். கடைக்காரர் "காலேஜ் ப்ராஜெக்டா தம்பி?"ன்னார். ஆமான்னு சொல்லிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

பாதி கட்டினதும் அந்தக் காபிக்கடை எனக்கு அலுத்துப் போச்சு. நான் அந்த மாதிரி கடையில உக்காந்ததே இல்ல. பியானோ வாசிக்கத் தெரியாது. யாரோட வீட்டையோ கட்டிக் கொடுக்கற கொத்தனார் மாதிரி இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பலகையையே பார்த்துட்டிருந்தப்ப தோணுச்சு: ஏன் எங்க ஊர் வீட்டைக் கட்டக் கூடாது?

எங்க ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். ஓட்டு வீடு. வாசல்ல திண்ணை, உள்ள நடை, நடுவுல முற்றம், சுத்தி தாழ்வாரம், கூடம், பின்னால அடுப்படி, கொல்லை. இப்போ அந்த வீடு எங்களுது இல்ல. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்துச்சே, அப்போ கூடத்து ஓடு பாதி பறந்துடுச்சு. கொல்லையில இருந்த தென்னை எல்லாம் சாஞ்சுடுச்சு. அப்பாயி அதுக்கு மூணு வருஷம் முந்தியே போயிட்டாங்க. அப்பா, அம்மா திருச்சியில இருந்தாங்க. வீட்டைச் சரி பண்ண நாலு லட்சம் ஆகும்னு மேஸ்திரி சொன்னார்னு அப்பா எனக்குப் போன் பண்ணினார். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். ஏதோ மீட்டிங்குக்கு ஓடிட்டிருந்தேன். "வித்துடுங்கப்பா, யாரு போய் அங்க இருக்கப் போறா"ன்னேன். முழுசா ஒரு நிமிஷம்கூட பேசியிருக்க மாட்டேன். 2019ல வித்தாச்சு. வாங்கினவர் இடிச்சுட்டு மாடி கட்டிட்டார். அதுக்கப்புறம் அப்பா அந்த வீட்டைப் பத்தி வாயே திறந்ததில்ல. நானும்தான்.

கட்டலாம்னு முடிவு பண்ணினா அடுத்த சிக்கல், அளவு. இந்த கிட் 1:24. அதாவது ஒரு அடிக்கு அரை அங்குலம். அந்தக் கணக்குல என் உயரம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். அடிப்பலகை 24க்கு 18 சென்டிமீட்டர், அதுல 19 அடிக்கு 14 அடிதான் அடங்கும். முழு வீடும் ஏறாது. கேக்கை வெட்டற மாதிரி வீட்டை நெடுக்க வெட்டி, திண்ணையில ஆரம்பிச்சு கூடம் வரைக்கும் பாதி மட்டும் கட்டலாம்னு ஒரு பிளான் போட்டேன்.

பேப்பரை வச்சு வரைய ஆரம்பிச்சா, கை நின்னுடுச்சு. முற்றத்துத் தூண் வட்டமா, சதுரமா? எட்டு வருஷம் ஒவ்வொரு லீவுக்கும் அந்தத் தூணைக் கட்டிப்பிடிச்சு சுத்தியிருக்கேன். ஞாபகம் வரல. போட்டோ தேடினேன். எல்லாப் போட்டோவுலயும் நாங்கதான் இருக்கோம், பின்னாடி வீடு மங்கலா இருக்கு. ஒண்ணுலகூட தூண் சரியா விழல.

வேற வழி இல்லாம அப்பாவுக்குப் போன்.

"அப்பா, ஊர் வீட்டு முத்தத்துல தூணு வட்டமா சதுரமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன்.

"எதுக்கு தம்பி?"

"சும்மாதான்ப்பா."

"வட்டம். அடியில கருங்கல்லு. மொத்தம் எட்டு. ஏழு தேக்கு, ஒண்ணு மட்டும் வேம்பு."

எனக்கு இது புதுசு. 1977 நவம்பர்ல நாகப்பட்டினத்தைத் தாக்கின புயலப்ப அப்பாவுக்குப் பன்னெண்டு வயசு. தென்னமரம் கூரை மேல விழுந்து ஒரு தூண் பொளந்துடுச்சாம். அதே ராத்திரி கொல்லையில நின்ன வேப்பமரமும் சாஞ்சுது. தாத்தா தேக்கு வாங்கக் காசில்லாம, விழுந்த வேம்பையே அறுத்துத் தூணா நிறுத்திட்டார். "வர்றவன் போறவன்லாம் கேப்பான், ஏன் இது மட்டும் கறுப்பா இருக்குன்னு. எங்கப்பாவுக்குக் கூச்சமா இருக்கும்"னார். எனக்கு ஏன் இதைச் சொன்னதே இல்லன்னு கேட்டேன். "நீ கேட்டதில்லையே"ன்னார். குத்திக் காட்டற குரல்ல இல்ல, சாதாரணமாத்தான் சொன்னார்.

அன்னிக்கு நாப்பது நிமிஷம் பேசினோம். அப்பாவும் நானும் அதுக்கு முன்னாடி போன்ல பேசின அதிகபட்சம் நாலு நிமிஷம் இருக்கும், சாப்டியா, லீவு உண்டா, அம்மாகிட்ட குடுக்கறேன்.

அப்புறம் தினமும் ரிக்வயர்மென்ட் எடுக்கற வேலைதான். மென்பொருள் உலகத்துல இப்படி ஒரு கிளையன்ட் எனக்கு அமைஞ்சதில்ல. அடி, அங்குலம் எதுவும் சொல்ல மாட்டார். "திண்ணை ஒசரம் நான் ஆறாவது படிக்கறப்ப இடுப்புக்கு வரும்." "நிலை குனிஞ்சுதான் நுழையணும், ஒங்க தாத்தாவுக்கு. எனக்கு இடிக்காது." "முத்தத்துல நாலு பேர் படுத்தா அஞ்சாவது ஆளு கால மடக்கணும்." நான் இதையெல்லாம் சென்டிமீட்டருக்கு மாத்தி, 24ஆல வகுத்து ஒரு எக்ஸெல் ஷீட்ல போட்டேன். ஒரு கட்டத்துல திண்ணை நடையை விட ஒசரமா வந்துச்சு. ரெண்டு அளவையும் ரெண்டு வயசுல இருந்து சொல்லியிருக்கார்!

சாமான் சேர்த்ததுதான் ஜாலியான பகுதி. தீக்குச்சி கனம் சுமார் 2 மில்லிமீட்டர், 24ஆல பெருக்கினா ரெண்டு அங்குலம் கிட்ட வரும். ஓட்டுக்கு அடியில அடிக்கற ரீப்பர் ரெடி. பீட்சா டப்பா அட்டையை லேசா நனைச்சு மேல் காகிதத்தை உரிச்சா உள்ள அலை அலையா இருக்கும். அதைத் துண்டு போட்டு, காவி கலர் அடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா அச்சு அசல் நாட்டு ஓடு. (இதுக்காகவே ரெண்டு பீட்சா கூடுதலா சாப்பிட்டோம். ரூம்மேட் கட்சி மாறினது இந்த இடத்துலதான்.) கூடத்துத் தரைக்குச் சிவப்பு சார்ட் பேப்பர், மேல மெழுகுவத்தி தேய்ச்சுத் துணியால துடைச்சா ரெட் ஆக்சைடு பளபளப்பு. தூணுக்கு பாஸ்ட்புட் கடை சாப்ஸ்டிக். ஒரு பக்கம் லேசா மெலிஞ்சு வர்றதால பழைய மரத்தூண் மாதிரியே இருக்கு. பாதி வீட்டுக்கு நாலு தூண். மூணைக் காபி டிகாஷன்ல ஒரு மணி நேரம் ஊற வச்சேன். நாலாவதை ராத்திரி முழுக்க.

எல்ஈடி வெள்ளையா ஆஸ்பத்திரி மாதிரி எரிஞ்சுது. எங்க கூடத்துல இருந்தது ஒரே ஒரு குண்டு பல்பு. பக்கத்து பிளாட் அக்காகிட்ட மஞ்சள் நெயில் பாலிஷ் கேட்டு வாங்கி எல்ஈடிக்குப் பூசினேன். அவங்க என்ன நினைச்சாங்களோ தெரியாது.

ஒரு தகவல். இங்கிலாந்துல விண்ட்சர் கோட்டையில ராணி மேரியோட பொம்மை வீடு ஒண்ணு இருக்கு. 1921ல இருந்து 1924க்குள்ள கட்டினது, 1:12 அளவு. குழாயில தண்ணி வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும். வடிவமைச்சவர் எட்வின் லுட்யன்ஸ். ஆமா, புது தில்லியைக் கட்டின அதே ஆள்தான். ஒரு பக்கம் ராஜதானி, இன்னொரு பக்கம் பொம்மை வீடு. இதை ரூம்மேட்கிட்ட சொன்னப்புறம் பார்பி ஜோக் நின்னுடுச்சு.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக அப்பா சென்னை வந்தார். ராத்திரி ரூம்ல தங்கினார். டேபிள் மேல துணி போட்டு மூடி வச்சிருந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் ரூம் லைட்டை அணைச்சுட்டு, துணியை எடுத்து, ஸ்விட்சைப் போட்டேன்.

அப்பா ஒண்ணும் சொல்லல. கண்ணாடியைக் கழட்டினார். குனிஞ்சு மூக்கு ஓட்டுல படற அளவுக்குக் கிட்ட போனார். சுண்டுவிரலை உள்ள விட்டு அந்தக் கறுப்புத் தூணைத் தொட்டார்.

"இது இங்க வராது. அடுத்தது."

ஃபெவிகால் காஞ்சு மூணு வாரம் ஆகியிருந்துச்சு. மாத்தறேன்ப்பான்னேன். அப்புறம் எப்படியோ கேட்டுட்டேன், ஆறு வருஷமா கேக்காததை.

"நான்தானப்பா விக்கச் சொன்னேன்?"

நிமிராமலே பதில் சொன்னார். "நீயா? ஒன்கிட்ட பேசறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் வாங்கிட்டேன்டா."

நிஜமா, எனக்காகச் சொன்னதான்னு தெரியல. அம்மாகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். கேக்கல.

அப்பா இன்னும் குனிஞ்சபடியே இருந்தார். "கெணத்தை எங்க காணும்?"

"அது கொல்லையிலப்பா. பலகை பத்தல."

பீட்சா டப்பா மூடியைத் திருப்பிப் போட்டு, பென்சில் வாங்கி, கொல்லையை வரைய ஆரம்பிச்சார். அடுப்படி, துவைக்கற கல்லு, மாட்டுக்கொட்டா, அந்த வேப்பமரம் நின்ன இடம். கிணத்துக்கு ஒரு வட்டம் போட்டு, பக்கத்துல 16ன்னு எழுதினார். பதினாறு உறையாம். உறைக்கு ஒரு அடின்னா பதினாறு அடி. நம்ம அளவுல எட்டு அங்குலம்.

ரெண்டாவது கிட் ஆர்டர் போட்டாச்சு. ஆனா எட்டு அங்குலம் கிணறு இறங்கணும்னா டேபிள்ல ஓட்டை போட்டாகணும். டேபிள் ரூம்மேட்டோடது. அவன்கிட்ட இன்னும் சொல்லல.