மாவுக்காக ஒரு கையெழுத்து

எங்க தாத்தாவோட அப்பா பேர் எனக்குத் தெரியும். அவருக்கு முந்தின ஆள் பேர் பங்காளிங்க யாருக்கும் தெரியாது. போன வருஷம் பட்டாவில் பேர் மாத்தறதுக்காக மூலப்பத்திரத்தைத் தேடி அலைஞ்சப்பதான் இது உறைச்சது. நிலம் இருக்கு, அதை உழுத ஆளைப் பத்தி ஒரு வரி இல்ல.

அந்த நேரத்துல மினசோட்டாவில் வேலை பார்க்கிற எங்க அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, 150 வருஷத்துக்கு முந்தின ஒரு விவசாயி இருந்த இடத்தைப் பார்க்க வந்திருக்கேன். அவர் பேர் சார்லஸ் இங்கல்ஸ். அவரோட வம்சத்தையே காகிதத்துல புடிச்சு வச்சிருக்காங்க"ன்னான். அவன் அனுப்பினதை எல்லாம், ராத்திரி மும்முனைக் கரண்டு வர்ற நேரத்துல மோட்டார் ரூம்ல உட்கார்ந்து ரெண்டு மாசமா படிச்சேன்.

சார்லஸ் பெரிய ஆள் இல்ல. நம்மள மாதிரி சம்சாரிதான். அவர் மகள் லாரா வயசான காலத்துல சின்ன வயசுக் கதையை நாவல்களா எழுதி, அது டிவி தொடராவும் வந்ததால அப்பா பேரும் உலகத்துக்குத் தெரிஞ்சுது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஜனங்க அவர் வேரைத் தோண்டினாங்க.

வேர் ஆழமாத்தான் போகுது. எட்மண்ட் இங்கல்ஸ்ங்கறவர் இங்கிலாந்துல இருந்து கப்பலேறி வந்து, 1629ல மாசசூசெட்ஸ்ல லின்ங்கற ஊர்ல முதல்ல குடியேறினவர்கள்ல ஒருத்தர். 1648ல குதிரையில போறப்ப சாகஸ் ஆத்துப் பாலம் பழுதா இருந்ததால தண்ணியில விழுந்து செத்துப்போனார். மகன் அரசாங்கத்துகிட்ட நஷ்டஈடு கேட்டு மனு போட்டிருக்கார். அன்னைக்கே! எட்மண்டோட மகள் வயித்துப் பேத்தி மார்த்தா கேரியரை 1692ல சேலத்துல சூனியக்காரின்னு சொல்லித் தூக்குல போட்டாங்க. இதெல்லாம் கோர்ட்டுக் காகிதத்துல இருக்கு.

சார்லஸ் 1836ல நியூயார்க் மாநிலத்துல பொறந்தார். அங்கிருந்து இல்லினாய், அப்புறம் விஸ்கான்சின். அங்க ஒரு விஷயம் படிச்சு சிரிப்பு வந்துச்சு. இங்கல்ஸ் வீட்டுக்கும் பக்கத்துக் குவைனர் வீட்டுக்கும் நடுவுல மூணு கல்யாணம். பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்காங்க! 1860ல சார்லஸ் குவைனர் வீட்டுப் பொண்ணு கேரலினைக் கட்டினார். கேரலினோட அண்ணன் ஏற்கனவே சார்லஸோட தங்கச்சியைக் கட்டியிருந்தார். பின்னால மச்சானும் மச்சானும் சேர்ந்து 160 ஏக்கர் வாங்கி ஆளுக்குப் பாதி பிரிச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர் கதை மாதிரியே இருக்குல்ல?

வம்சம் தேடறவங்களுக்கு அங்க முக்கியமான சாமான் மக்கள்தொகைக் கணக்கு. 1790ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒருதடவை எடுக்கறாங்க. ஆனா 1840 வரைக்கும் வீட்டுத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும். பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் வெறும் எண்ணிக்கை. 1850ல இருந்துதான் வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தர் பேரும் வருது. கூடவே 1850ல இருந்து 1880 வரைக்கும் விவசாயத்துக்குன்னு தனிக் கணக்கு. எத்தனை ஏக்கர் உழுதது, எத்தனை குதிரை, எத்தனை பால்மாடு, கோதுமை எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவுன்னு நம்ம அடங்கலை விட விவரமா இருக்கும். 1890 கணக்குல பெரும்பகுதி 1921ல வாஷிங்டன்ல தீப்புடிச்சு வீணாப்போச்சு. எந்த ஊர்லயும் காகிதத்துக்குத் தீயும் தண்ணியும்தான் எமன்.

இந்தக் கணக்கை வச்சு ஒரு முடிச்சை அவிழ்த்திருக்காங்க. 1869ல சார்லஸ் குடும்பத்தோட கான்சாஸுக்குப் போனார். மகள் தன் நாவல்ல, எங்க வீடு இண்டிபெண்டன்ஸ் டவுன்ல இருந்து 40 மைல்னு எழுதிட்டாங்க. அப்ப அவங்களுக்கு மூணு வயசுகூட முழுசா ஆகல, பாவம். 40 மைல்னா ஓக்லஹோமாவுக்குள்ள போயிரும். ஆனா 1870 கணக்குல இங்கல்ஸ் குடும்பம் கான்சாஸ்லயே, மாண்ட்கோமரி கவுண்டி ரட்லண்ட் பகுதியில இருக்கு. வீட்டு பைபிள்ல மூணாவது மகள் கேரி 1870 ஆகஸ்ட் 3ல அதே கவுண்டியில பொறந்ததா எழுதியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க யாரார்னு வரிசை பார்த்து இடத்தையே கண்டுபிடிச்சுட்டாங்க. டவுன்ல இருந்து 13 மைல்தான்.

ஆனா அந்தக் கணக்குலயே இன்னொரு உண்மையும் இருக்கு. நில மதிப்பு எழுதற கட்டம் காலி. ஏன்னா அது ஓசேஜ் பழங்குடி மக்களோட நிலம். வந்து உட்கார்ந்தவங்க யாருக்கும் பாத்தியம் கிடையாது. 1870ல சட்டம் போட்டு ஓசேஜ் மக்களையே தெற்கே அனுப்பிட்டாங்க. சார்லஸ் 1871ல விஸ்கான்சினுக்குத் திரும்பிட்டார். அவர் நல்ல உழைப்பாளிதான், சந்தேகமே இல்ல. ஆனா உழைப்பாளியும் இன்னொருத்தன் மண்ணுல ஏர் ஓட்டியிருக்கலாம். வம்சம் தேடினா பெருமை மட்டும் வராது, இதுவும் சேர்ந்துதான் வரும்.

என்னைத் தூங்கவிடாத காகிதம் வேற ஒண்ணு. 1874ல சார்லஸ் மினசோட்டாவில் வால்நட் குரோவ் பக்கத்துல நிலம் புடிச்சார். அந்த வருஷங்கள்ல வெட்டுக்கிளி வானத்தை மறைச்சுக்கிட்டு வந்து கோதுமையை மொட்டை அடிச்சுது. அறுப்புக் கூலிக்காக அவர் கிழக்கே நடந்தே போனார். 1875 நவம்பர் கடைசியில, என்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு அதிகாரிங்க முன்னாடி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டார். அதுக்குக் கிடைச்சது அரைப் பீப்பாய் மாவு ரெண்டு. மதிப்பு 5 டாலர் 25 சென்ட்.

அந்த மாசம் ஒண்ணாந்தேதிதான் அவருக்கு ஒரே ஆண் குழந்தை பொறந்திருந்தான். ஒன்பது மாசத்துல, 1876 ஆகஸ்ட்ல, அவனும் போயிட்டான். மாவு வாங்கினதும் அந்தத் தம்பியும் மகளோட நாவல்கள்ல இல்ல. காகிதத்துலதான் இருக்கு.

வறட்சி நிவாரணத்துக்கு வரிசையில நின்னவனுக்குத்தான் அந்தக் கையெழுத்தோட கனம் தெரியும். "ஒண்ணுமில்ல"ன்னு எழுதிக் குடுக்கறப்ப கை லேசா நடுங்கும். நானும் நின்னிருக்கேன். வீட்ல சொல்லல. சார்லஸும் அதைத் தன் புள்ளைங்ககிட்டச் சொன்னாரோ என்னவோ!

1862 மே மாசம் லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்துல, 160 ஏக்கர்ல அஞ்சு வருஷம் குடியிருந்து உழுதா நிலம் சொந்தம். கடைசியா சார்லஸ் 1880ல டகோட்டாவில் அப்படி ஒரு நிலத்துக்கு எழுதிக் குடுத்து, 1886ல நிரூபிச்சு வாங்கினார். அஞ்சு ஊர் சுத்தினப்புறம் வந்த பட்டா அது. அப்பவும் விவசாயத்துல நிக்க முடியல. 1887ல டி ஸ்மெட் டவுன்ல வீடு கட்டிக் குடிபோயி, 1902ல அங்கேயே செத்துப்போனார். அவரை அழிச்ச அந்த வெட்டுக்கிளி இனத்தை உயிரோட கடைசியாப் பார்த்ததும் அதே 1902லதான்.

மகள்கள்ல லாராவுக்கு மட்டும்தான் வளர்ந்த வாரிசு, ரோஸ்னு ஒரே பொண்ணு. ரோஸும் 1968ல போனதோட சார்லஸோட நேர் வம்சம் முடிஞ்சுபோச்சு. ஆனா மனைவிக்கும் நாலு மகள்களுக்கும் ஆளுக்கொண்ணா அந்த நிலத்துல அவர் நட்ட காட்டன்வுட் மரங்கள்ல சிலது இன்னும் நிக்குதாம். அக்கா மகன் போட்டோ அனுப்பினான். நல்ல பருமன்.

நேத்து ஒரு நோட்டு வாங்கிட்டு வந்தேன். முதல் பக்கத்துல தாத்தாவோட அப்பா பேரை எழுதினேன். கீழே எங்க ஆயா பேர், அவங்க பொறந்த ஊர், அவங்க வீட்ல எத்தனை உருப்படி மாடு இருந்துச்சு எல்லாம். நான் நிவாரண வரிசையில நின்ன தேதியையும் எழுதிட்டேன். பேரப்புள்ளைங்க படிக்கட்டும். நீங்களும் ஊருக்கு வர்றப்ப வீட்ல வயசானவங்க பக்கத்துல ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கோங்க. அவங்க இருக்கறப்பவே கேட்டாத்தான் உண்டு.