உப்புத் தண்ணீர் குடித்த இஞ்சின்

அண்ணாச்சி உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். சிலிண்டர் பிளாக்கின் வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சில்லு பெயர்ந்து விழுந்தது. எடுத்து என் கையில் வைத்தார். கால் அங்குலக் கனம் இருக்கும். உடைந்த ஓரத்தில் மெல்லிய வரிகள், அடிமரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப் போல.

"இதுதான் தம்பி எங்க ஊர்த் தண்ணி" என்றார்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையை விட்டு உள்ளே பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை இல்லை. வாசல் வேம்பில் சாத்திவைத்த இரண்டு ஃபிளைவீல்கள்தான் அடையாளம். உள்ளே தகரக் கூரை, மண் தரை, சுவர் நெடுகச் சிவகாசிக் காலண்டர்கள். பழையதைக் கழற்றாமல் அதன்மேலேயே புதியதை மாட்டியிருக்கிறார்கள். பதினைந்து வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாக வேலைக்குச் சேர்ந்த அண்ணாச்சிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஆயில் இஞ்சினைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. சித்திரையும் வைகாசியுமாக நாலு தடவை அங்கே போனேன், ஒரே ஒரு இஞ்சின் மறுபடி ஓடுவதைப் பார்ப்பதற்காக.

கழுகுமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த இஞ்சின் அது. ஒற்றைச் சிலிண்டர், ஆறு குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. நாலரை அங்குல போர், ஐந்தரை அங்குல ஸ்ட்ரோக், இரண்டு பக்கமும் இரண்டடி விட்டத்தில் ஃபிளைவீல். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் லிஸ்டர் கம்பெனி 1930களில் கொண்டுவந்த மாடல். அவர்கள் 1980களில் இதைச் செய்வதை விட்டுவிட்டார்கள். குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் விடவில்லை. அதே அளவில், அதே உருவத்தில் வார்த்து இந்தியா முழுக்க அனுப்பின, வெளிநாடுகளுக்கும் போயின. இங்கே வந்திருந்ததும் ராஜ்கோட் உருப்படிதான். பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவிட் ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

இந்த மண்ணில் தண்ணீர் இறைப்பது எப்போதுமே பெரும்பாடு. மானாவாரிக் கரிசல் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு பருத்தியையும் உளுந்தையும் கம்பையும் விளைவித்துக் கொடுத்துவிடும். கிணறு வெட்டித் தோட்டம் வைத்தவன் பாடுதான் பாடு. முதலில் கமலை. விடிவதற்கு முன்னால் மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறும்வரை முன்னும் பின்னுமாக நடை. பிறகு ஆயில் இஞ்சின். அதற்குப் பிறகு கரண்ட் மோட்டார். கரண்ட் வந்த கதையை எழுதுவதற்கும் இந்த ஊர்ப்பக்கத்தில்தான் ஆள் இருந்தார். இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கரண்ட்' சிறுகதையை கே. ஹரிஹரன் 1992இல் இந்தியில் படமாகவே எடுத்தார். மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகளைத் திரட்டிய நாராயணசாமி நாயுடு கோவை மாவட்டத்துக்காரர். அவர் 1984 டிசம்பரில் காலமானது இந்தக் கோவில்பட்டியில். 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் அறிவிக்கப்பட்ட பிறகு டீசல் ஊற்றி இறைக்க யாருக்கு மனசு வரும்? இஞ்சின்கள் பம்புசெட் ரூமின் மூலைக்குப் போயின. பாதிக்கு மேல் பழைய இரும்புக் கடைக்குப் போனதை அண்ணாச்சி கண்ணால் பார்த்தவர். "எடைக்குப் போட்டாக தம்பி. நான் ரிங்கு மாத்துன இஞ்சினையே என் கண்ணு முன்னால தராசுல ஏத்துனாக."

வந்திருந்த இஞ்சின் அப்படிப் போகாமல் தப்பியது. அதற்குச் சொந்தக்காரரான பெரியவர், தன் அப்பா வாங்கியது என்பதற்காகவே அதைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்ததுபோல வைத்திருந்திருக்கிறார். தண்ணீர் இறைக்க அவரிடம் மோட்டார் இருக்கிறது. இது ஓட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அந்த வெள்ளைச் சில்லுக்கு வருகிறேன். கரிசலுக்குக் கீழே தோண்டினால் சுக்கான் வரும், சுண்ணாம்பு கலந்த கல். அதில் ஊறிவரும் கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் சுண்ணாம்பு கரைந்திருக்கும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளை படிவது அதனால்தான். அந்தக் காலத்தில் பம்பு இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு சின்னக் குழாய் பிரித்து இஞ்சினுக்குள் விட்டு, சூட்டைத் தணித்து, வாய்க்காலில் சேர்த்துவிடுவார்கள். செலவில்லாத ஏற்பாடு. ஆனால் சூடான இரும்பைத் தொட்ட தண்ணீர் தன் சுண்ணாம்பை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போகும். வருடக்கணக்கில் அது பாறையாகிறது. பிறகு தண்ணீர் போனாலும் இரும்பைத் தொடாது. இஞ்சின் காயும். காய்ந்தால் ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே இருக்கிற குறுகலான இடத்தில் விரிசல் விழும்.

இதிலும் விழுந்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. சீமெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தூவினார் அண்ணாச்சி. கொஞ்ச நேரத்தில் தூள்மேல் தலைமுடி போல ஈரக்கோடு ஒன்று எழுந்தது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

வார்ப்பிரும்பைச் சும்மா வெல்டிங் வைத்தால் பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும். அதனால் வேலிக்கருவைக் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, ஹெட்டை முழுசாகச் சூடேற்றிக்கொண்டுதான் வெல்டிங். முடிந்ததும் சாம்பல் குழிக்குள் புதைத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம்வரை யாரும் அதைத் திறக்கக்கூடாது. மெல்ல ஆற வேண்டும். நான் வெளியே வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, குழிமேல் ஒரு சாக்கு போட்டு, காற்று தூக்காமல் நாலு கல்லும் வைத்திருந்தார் அண்ணாச்சி.

பழைய இஞ்சினை மீட்பது என்றால் துருவைத் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து நிறுத்துவது என்று நான் நினைத்திருந்தேன். நாலு தடவையும் அங்கே பெயிண்ட் டப்பாவைக் கண்ணால்கூடக் காணவில்லை. அவர் வேலையெல்லாம் தேய்மானத்தைப் படிப்பதுதான். சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தால் தடவச் சொன்னார். ஒரு படி தட்டுப்பட்டது. ரிங் ஏறி நின்று திரும்புகிற இடம். ஒரு பக்கம் மட்டும் படி ஆழமாக இருந்தது. பெல்ட் இழுவை எந்தப் பக்கம், பம்பு எந்தத் திசையில் இருந்தது என்றெல்லாம் அதைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தவர், "ஏர் கிளீனர் இல்லாமயே கொஞ்ச வருசம் ஓட்டியிருக்காக" என்று நிறுத்தினார். பெரியவர் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார். கோடையில் கரிசல் புழுதி மாவு போலப் பறக்கும். அது உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்தால் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங்கை அவர் சுரண்டியதை முழுசாக ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கிராங்க்கில் நீல மையை மெலிதாகத் தடவுகிறார். பேரிங்கை மாட்டி, இறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றுகிறார். வெள்ளை உலோகத்தில் அங்கங்கே நீலப் பொட்டுகள். மேடு இருக்கிற இடம் அது. முக்கோண அரத்தைத் தீட்டிச் செய்த சுரண்டியால் அந்தப் பொட்டுகளை மட்டும், பாலாடையை எடுப்பதுபோல, ஒவ்வொன்றாக வழித்தெடுக்கிறார். மறுபடி மை, மறுபடி மாட்டல். பதினோரு தடவை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் பொட்டுகள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகி, கடைசியில் அம்மைத் தழும்பு போல எல்லா இடத்திலும் சமமாகப் பரவின. அப்போதுதான் சுரண்டியைக் கீழே வைத்தார். இந்தக் கைப்பழக்கத்தை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடித்து, எழுதி வைக்க வேண்டும். அண்ணாச்சிக்குச் சில நாள் காலையில் விரல் மடங்குவதில்லை.

அவரிடம் இருப்பது ஒரே ஒரு பையன். பாலிடெக்னிக் முடித்தவன். படிக்கும்போது நண்பர்களோடு சேர்ந்து, பழைய பைக் இஞ்சினைப் பூட்டி கோ-கார்ட் ஒன்று கட்டியிருக்கிறான். செல்போனில் படம் காட்டினான். தரையோடு தரையாக ஒரு குழாய்ச் சட்டம், நாலு சின்னச் சக்கரம். கோ-கார்ட் என்ற வண்டியே பிறந்த கதையும் ஏறக்குறைய இப்படித்தான் என்று நான் சொன்னேன். 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்ற பந்தயக் கார் பட்டறைக்காரர், புல்வெட்டும் இயந்திரத்துக்காகத் தயாராகி விலைபோகாமல் தேங்கிய சின்ன இஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி ஓட்டிப் பார்த்தார். கோ-கார்ட் அங்கே தொடங்கியது. 1959இல் மெக்கல்லக் என்ற மரமறுக்கும் வாள் கம்பெனி கார்ட்டுக்கென்றே இஞ்சின் கொண்டுவந்தது. அந்தக் கால வண்டிகளை இன்று மீட்டெடுப்பவர்கள் அதே இஞ்சினைத் தேடி அலைகிறார்கள், வேறொன்றைப் பூட்டினால் அந்தச் சத்தம் வராது என்பதற்காக.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அது எத்தனை சுத்து சுத்தும்?"

"பந்தய இஞ்சின்னா பத்தாயிரத்தத் தாண்டும் மாமா" என்றான் பையன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்புட்டு வேகத்துல ஓடுனா, அது என்ன சொல்லுதுன்னு எப்பக் கேக்கது?"

அவர் கேட்டதன் பொருள் மூன்றாவது தடவை போனபோதுதான் எனக்குப் பிடிபட்டது. 650 சுற்றில் ஓடும் இஞ்சினில் நொடிக்கு ஐந்து வெடிப்புக்குச் சற்று மேல். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். ஒன்று தப்பினாலும் தெரியும். அண்ணாச்சி ஐம்பத்தைந்து வருடமாக அந்த இடைவெளிகளைக் கேட்டுப் பழகியவர்.

பிளாக்கை ஏற்றி, பிஸ்டனை இறக்கி, ஹெட்டை மாட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? அதிகமானால் டீசல் பற்றாது, குறைந்தால் இடிக்கும். பற்றவைக்கிற ஈயக் கம்பியில் இரண்டு துண்டு நறுக்கி, கிரீஸ் தொட்டு பிஸ்டன் தலையில் ஒட்டினார் அண்ணாச்சி. ஹெட்டை வைத்து நட்டுகளை இறுக்கி, ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்று தள்ளி, மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். ஈயம் நசுங்கித் தட்டையாகியிருந்தது. மைக்ரோமீட்டர் வேண்டும் என்று பையன் தேடுவதற்குள் அண்ணாச்சி இரண்டு விரலுக்கு நடுவே அதை உருட்டிப் பார்த்து, "ஒன்னரை மில்லி. இன்னும் ஒரு பேப்பர் கனம் குறையணும்" என்றார். மைக்ரோமீட்டர் 1.52 காட்டியது. பிளாக்குக்கு அடியிலிருந்த ஷிம்மில் ஒன்றை உருவிவிட்டு மறுபடி முதலிலிருந்து இறுக்கினார்கள்.

டீசல் பாயும் நேரத்தை வைப்பதும் அளவுகோல் வேலைதான். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு இருபது டிகிரி முன்னால் நாசில் பீய்ச்ச வேண்டும். இரண்டடிச் சக்கரத்தின் விளிம்பில் அது நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பம்பின் வாயில் டீசல் லேசாக அசைகிற கணத்தைப் பார்த்துக்கொண்டே பையன் சக்கரத்தை நகர்த்தினான்.

கடைசியாகப் போன அன்று பெரியவர் மினி வேனில் இரண்டு பேரல் கொண்டுவந்திருந்தார். ஒன்று காலி. இன்னொன்று நிறைய ஊருணித் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரை இனி இஞ்சினுக்குள் விடவே கூடாது என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்தில் பேரலை உயரமாக வைத்து, கீழே ஒரு குழாய், மேலே ஒரு குழாய். மழைத்தண்ணீர் அதற்குள்ளேயே சுற்றி வரும். பம்பு தேவையில்லை, சூடேறிய தண்ணீர் தானே மேலே போகும்.

பையன் ஹேண்டிலைப் போட்டான். "ஏலே, கட்டைவிரல மடக்காத" என்று அண்ணாச்சி அதட்டினார். எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும், கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக இருக்க வேண்டும். பெரியவர் முன்னால் வந்து, வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லிவரில் தானே கை வைத்தார். சக்கரம் மெல்ல அசைந்து, வேகம் பிடித்து, ஆரங்கள் மங்கலாகத் தொடங்கியதும் லிவரை விட்டார். ஒரு இருமல். புகைக்குழாயில் வெள்ளையாக ஒரு வளையம். இன்னொரு இருமல். பிறகு அடி விழத் தொடங்கியது. டொக், டொக், டொக் என்று, மண் தரை வழியாகக் காலில் ஏறியது. தகரக் கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது.

யாரும் பேசவில்லை. அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, பேரலின் மேலும் கீழும் கை வைத்துப் பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. மேலே கை பொறுக்கும் சூடு. அடியில் சில்லென்று இருந்தது.

டீசலை நிறுத்திய பிறகும் சக்கரம் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, "இன்னைக்கு ஏத்தாதீக" என்றார் அண்ணாச்சி பெரியவரிடம். "சூடு கண்டா நட்டு தளரும். ராத்திரி ஆறட்டும். காலைல ஹெட்டத் திரும்ப ஒருக்கா முறுக்கித் தாரேன்."