கூரை திறந்த காரில் அப்பா

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மா வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "மேல் பாதி எங்கடா?"

மாஸ்டா எம்எக்ஸ்-5. 1996-ல் செய்த வண்டி. ஜப்பானில் யாரோ ஓட்டி, இங்கே இரண்டு கை மாறி, என்னிடம் வந்தது. மொத்தமே இரண்டு இருக்கை. முன்கண்ணாடி விளிம்பில் இரண்டு கொக்கிகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தி, பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, துணிக்கூரையைப் பின்பக்கம் மடக்கிவிட்டால் தலைக்கு மேல் புஞ்சாக் ஆலாம் வானம்தான். ஜிப்பைத் திறக்காமல் அவசரத்தில் மடக்கினால் பிளாஸ்டிக் கீறல் விட்டுவிடும். முதல் வாரமே அந்தப் பாடத்துக்கு நான் காசு கட்டினேன்.

1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்த வகை இது. 2016-ல் பத்து லட்சமாவது காரைச் செய்தார்கள். உலகில் மிக அதிகமாக விற்ற இருவர் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம் உண்டு. இதையெல்லாம் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கதவருகில் நின்று ஒரு பார்வை பார்த்தார். "தொரை காரு மாதிரி இருக்கு" என்றார். உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தக் காரின் பக்கமே வரவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் நான் கூரை திறந்து ஓட்டும் முறையைக் கற்றுக்கொண்டேன். முறை என்று ஒன்று உண்டா என்று சிரிக்காதீர்கள். உண்டு.

நம் ஊரில் இந்தக் கார் காலையில் ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும், மாலையில் ஐந்தரைக்குப் பிறகும்தான். நண்பகலில் கூரையைத் திறப்பவர் ஒன்று வெள்ளைக்காரராக இருக்க வேண்டும், இல்லை புதிதாக வாங்கியவராக இருக்க வேண்டும். தொப்பி வேண்டும், அது பறக்காத தொப்பியாக இருக்க வேண்டும். பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் பாதிக் காற்று அடங்கிவிடும், பேச்சும் காதில் விழும். மழையில் நனைந்த துணியை மடக்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வேகமாகப் போனால் தூறல் தலைக்கு மேலே போய்விடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மைதான், சிவப்பு விளக்கு வரும் வரைக்கும்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஒட்டிப் போகவே கூடாது. ஒரு குலை இருபது கிலோ வரும், முள்ளும் உண்டு. மூடிய காரில் அது கூரைக்கு வரும் சேதம், இதில் நம் தலைக்கு.

இவை வண்டிக்கான முறைகள். மனிதர்களுக்கானவை வேறு. கூரை திறந்த காரில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குள் இருப்பவர் அல்ல, வீதியில் நிற்பவர். விளக்கில் நிற்கும்போது அவர் போனில் பேசுவது பக்கத்து மோட்டார் சைக்கிளுக்குக் கேட்கும். அவர் போடும் பாட்டைக் கோயிலும் சூராவும் பள்ளிக்கூடமும் துக்க வீடும் சேர்ந்து கேட்க வேண்டியிருக்கும். ஆகவே தாமானுக்குள் நுழைந்தால் பாட்டை அணைத்துவிடுவேன். யாராவது பார்த்தால் தலையசைப்பேன். பார்க்காத மாதிரி நேரே பார்த்துக்கொண்டு போவது இந்தக் காரில் திமிராகத் தெரியும். கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், அப்பாவுக்கு இந்தக் காரோடு என்ன கோபம் என்று. "கார் மேல இல்லடா. தாத்தா சைக்கிள் கதை உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது. எனக்கு யாரும் சொன்னதில்லை.

தாத்தா ஈஜோக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கல்யாணத்துக்கு முன்பே சீட்டுப் பணத்தில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தாராம். தோட்டத்துச் சாலையில் துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இறங்கி, ஓரமாக நின்று, கார் போய் தூசி அடங்கிய பிறகுதான் ஏறலாம். அந்தத் துரை வைத்திருந்தது கூரை மடக்கும் கார். ஒருநாள் எதிர்காற்றில் கார் வந்த சத்தம் தாத்தாவுக்குக் கேட்கவில்லை. மிதித்துக்கொண்டே போயிருக்கிறார். கார் அவரைத் தாண்டிப் போய் நின்றது. துரை இறங்கவில்லை, கத்தவுமில்லை. திரும்பி முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டாராம். மாதக் கடைசியில் சம்பளத்தில் ஒருநாள் கூலி இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் என்று தொழிலாளர்கள் கேட்டவற்றோடு இதுவும் ஒன்று: நிர்வாகத்தாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். முன்னின்ற ஆர்.எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். பள்ளியில் இதையெல்லாம் படித்த நினைவு எனக்கு இல்லை. பின்னாளில் ஒரு புத்தகத்தில் அந்தக் கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தபோது, கூலிக்குப் பக்கத்தில் சைக்கிள் ஏன் வந்தது என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அம்மா சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

காரை விற்றுவிடலாமா என்றுகூட ஓர் இரவு யோசித்தேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமல் கேட்டார், "இது கோலசிலாங்கூர் வரைக்கும் போவுமா?" அம்மா என்னைப் பார்த்தார். நான் எதுவும் பேசாமல் போய்க் கூரையைத் திறந்தேன்.

எழுபத்து நான்கு வயதில் அந்த இருக்கையில் உட்காருவது லேசு இல்லை. "கெணத்துல எறங்குற மாதிரி இருக்கு" என்றார். இடுப்புப் பட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். லாத்தார் நெடுஞ்சாலை வேண்டாம், பழைய சாலையிலேயே போ என்றார். ஈஜோக் விளக்கில் ஒரு மலாய்ப் பையன் மோட்டார் சைக்கிளை எங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து பார்த்து, "அங்கிள், பெராபா?" என்று விலை கேட்டான். "அனாக் பூஞா" என்று என்னைக் கைகாட்டினார் அப்பா. மகனுடையதாம். பச்சை விழுந்து கிளம்பிய பிறகு அவராகவே சொன்னார், "மோட்டார்ல வர்றவன் நம்மள குனிஞ்சு பாக்குறான்டா. அந்தக் கார்ல தொரை ஒசரமா உக்காந்திருப்பாரு."

தாத்தா வேலை செய்த தோட்டத்துக்குள் ஒரு சுற்று போகலாம் என்றார். லயங்கள் இல்லை. பால்மரங்களும் இல்லை, எல்லாம் செம்பனை. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. மண் சாலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தேன். வளைவில் எதிரே ஒரு சைக்கிள். ஓட்டி வந்தவன் வங்காளதேசத்துப் பையன் போல இருந்தான். தோளில் குலை அறுக்கும் நீளக் கம்பு. எங்கள் காரைக் கண்டதும் சட்டென்று இறங்கி, சைக்கிளைப் புல்லுக்குள் இழுத்து, ஓரமாக நின்றுகொண்டான்.

"நிறுத்து" என்றார் அப்பா. நிறுத்தினேன். "இஞ்சினையும் அணை."

அணைத்தேன். கூரை இல்லாததால் அப்பாவின் மூச்சுகூடக் கேட்டது. கையை உயர்த்தி அந்தப் பையனிடம் "நாய்க், நாய்க்" என்றார். ஏறு, ஏறு. அவன் புரியாமல் சிரித்தான். நாங்கள் முதலில் போகட்டும் என்று கையைக் காட்டினான். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் கை காட்டிக்கொண்டார்கள். கடைசியில் அவன் ஏறி, கம்பு எங்கள் மேல் படாமல் சாய்த்துப் பிடித்து, மெதுவாக மிதித்துக் கடந்து போனான். பக்கத்தில் வரும்போது அப்பா தொப்பியைக் கழற்றினார். அவன் அதைப் பார்த்தானா, தெரியாது.

"ரோடு ஒடுக்கம்ப்பா. அதான் இறங்கியிருப்பான்" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒடுக்கமா இருந்தா நாமதான் நிக்கணும்."

அதன் பிறகு அசாம் ஜாவா சந்திப்பு வரைக்கும் பேசவில்லை. புக்கிட் மெலாவத்தியில் ஏறும்போது அவரே கூரையை மூடச் சொன்னார். அங்குள்ள குரங்குகள் சாது என்றாலும், திறந்த காரை யாருக்கோ வைத்த படையல் என்று நினைத்துக்கொள்ளும். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு பேரும் இளநீர் குடித்தோம். தோட்டத்தில் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தையும், திறந்த காரில் பாடிக்கொண்டே வரும் கதாநாயகர்களையும் பற்றி நிறையப் பேசினார். அவர்கள் தலைமுடி மட்டும் எப்படிக் கலையாமல் இருந்தது என்று அப்போதே சந்தேகம் வந்ததாம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தார். தலையில் ஏற்கெனவே துணி கட்டியிருந்தது. அப்பா இறங்க நான் கை கொடுத்தேன். இருக்கை சூடாக இருக்கிறது, ஒரு துண்டு விரித்து உட்கார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மதியச் சோற்றுக்குப் போனார்.

"பாட்டு போடுவியா, மாட்டியா?" என்றார் அம்மா.

தாமானைத் தாண்டியதும் போடுகிறேன் என்றேன்.