ஆசாரியனின் அங்கியும் ஒரு சல்லடமும்

வழிபாட்டு இடங்களில் உடை என்ற பேச்சு எழுந்தாலே, அது பெரும்பாலும் கும்பிட வருகிறவர்களை நோக்கித்தான் இருக்கும். அதிலும் பெண்களை நோக்கி. தோள் மூடியிருக்கிறதா, தலை மூடியிருக்கிறதா என்று வாசலிலேயே ஒரு பரிசோதனை! ஆனால் பழைய இஸ்ரவேலரின் சட்டத்தைத் திறந்து பார்த்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. அங்கே வழிபாட்டில் "உடம்பை மூடு" என்ற கட்டளை முதலில் போவது கூட்டத்துக்கு அல்ல. பலிபீடத்தின் முன் நிற்கிற ஆணுக்கு!

யாத்திராகமம் 20ஆம் அதிகாரம். பத்துக் கட்டளைகள் முடிந்த கையோடு பலிபீடம் கட்டுவது பற்றிச் சில விதிகள் வருகின்றன. அதில் கடைசி விதி விநோதமானது. பலிபீடத்துக்குப் படிக்கட்டு வைக்கக் கூடாது. காரணம்? படியேறும்போது ஏறுகிறவனின் நிர்வாணம் தெரிந்துவிடக் கூடாது. அந்தக் காலத்து உடை தையல் குறைந்த நீளச் சட்டை. உள்ளே வேறு எதுவும் இருந்திருக்காது என்று இந்த விதியே காட்டிக் கொடுத்துவிடுகிறது. பிற்கால எருசலேம் ஆலயத்திலும் பலிபீடத்துக்குப் படி கிடையாது, சாய்தளம்தான். அதன் நீளம் 32 முழம், அகலம் 16 முழம் என்று யூதரின் மிஷ்னா நூல் கணக்குச் சொல்கிறது.

அதோடும் விடவில்லை. 28ஆம் அதிகாரத்தில் ஆசாரியர்களுக்கு உடை தைக்கச் சொல்லும்போது, எல்லா அலங்காரத்தையும் சொல்லி முடித்த பிறகு ஒரு சல்லடம் வருகிறது. இடுப்பிலிருந்து தொடை வரை மூடும் உள்ளாடை. லினன் துணியில் தைத்தது. தமிழ் வேதாகமம் சணல்நூல் என்கிறது. அது இல்லாமல் உள்ளே போனால் குற்றம் சுமந்து சாவான் என்கிற அளவுக்குக் கடுமை. ஒரு உள்ளாடைக்கு மரண தண்டனையா என்று சிரிப்பு வரலாம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பழைய மெசபடோமியாவில் நிலைமை வேறு. பாக்தாத் அருங்காட்சியகத்தில் உள்ள ஊருக் ஜாடி ஏறக்குறைய 5000 ஆண்டுகள் பழையது. அதில் காணிக்கைக் கூடைகளைச் சுமந்து வரிசையாகப் போகும் ஆண்கள் உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. அங்கே தெய்வத்தின் முன் நிர்வாணம் கூச்சத்துக்குரியதல்ல. இஸ்ரவேலரின் விதி இதற்கு நேரடி மறுப்பு என்று சொல்லிவிட முடியாது, காலம் ரொம்பத் தள்ளி. ஆனால் தெய்வத்தின் முன் உடம்பை மூடுவது எல்லா ஊரிலும் இயல்பாக வந்த ஒன்றல்ல என்பது மட்டும் தெளிவு. அதை ஒருவர் யோசித்து முடிவு செய்ய வேண்டியிருந்தது.

சரி, வெளியே தெரிகிற உடைக்கு வருவோம். சாதாரண ஆசாரியனுக்கு நான்கு உடைகள்: சல்லடம், அங்கி, இடைக்கச்சை, தலைக்குல்லா. பிரதான ஆசாரியனுக்கு எட்டு. இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களோடு பொன் இழையும் சேர்த்து நெய்த ஏபோத்து. அதன் தோள்களில் இரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் பெயர்கள். மார்ப்பதக்கத்தில் நான்கு வரிசையாக 12 கற்கள், அவற்றிலும் அதே பெயர்கள். நீல அங்கியின் விளிம்பில் பொன் மணியும் மாதுளம்பழமும் மாறி மாறி. நெற்றியில் பொற்பட்டம்.

பார்ப்பதற்குப் பெரிய ஆடம்பரம்தான். ஆனால் கவனித்தால் ஒன்று புரியும். அவன் தோளிலும் நெஞ்சிலும் இருப்பது அவன் பெயர் அல்ல, மற்றவர்களின் பெயர்கள். நெற்றியில் இருப்பதும் அவன் பெயர் அல்ல, கடவுளின் பெயர். இத்தனை உடுத்தியும் ஆரோன் என்ற தனிமனிதன் எங்கேயும் தெரிவதில்லை! சல்லடம் அவன் உடம்பை மறைத்தது. மேலே இருந்த பொன்னும் கல்லும் அவன் "தான்" என்பதை மறைத்தன. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன.

இதற்கு இன்னொரு சாட்சி பாவநிவாரண நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவான். மிக முக்கியமான நாள், மிக உயர்ந்த உடை என்றுதானே நினைப்போம்? இல்லை. லேவியராகமம் 16இன்படி அன்று அவன் பொன்னை எல்லாம் கழற்றிவிட்டு வெறும் லினன் உடையில் உள்ளே போக வேண்டும். ஜனங்களின் முன் மகிமை, கடவுளின் முன் எளிமை. பல மேடைகளில் இது தலைகீழாக நடப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

எசேக்கியேல் 44ஆம் அதிகாரம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. ஆசாரியர்கள் உள்ளே ஆட்டு மயிர் உடை உடுத்தக் கூடாது, வியர்வை வரவைக்கும் எதையும் கட்டக் கூடாது. வெளியே ஜனங்களிடம் போகும் முன் அந்த உடையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு உடை போட வேண்டும். அதாவது, பதவியின் உடையோடு கடைத்தெருவில் நடந்து மரியாதை வாங்க முடியாது!

எல்லாம் ஒழுங்காகவே நடந்ததா என்றால், தாவீது ராஜா இருக்கிறார். உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வரும்போது அவர் லினன் ஏபோத்து கட்டிக்கொண்டு முழு பலத்தோடு ஆடினார். சவுலின் மகளும் அவருடைய மனைவியுமான மீகாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேலைக்காரிகளின் கண்ணெதிரே உடம்பு தெரிய ஆடினீரே என்று குத்திக் காட்டினாள். இன்னும் கீழாகப் போகவும் தயார் என்றார் தாவீது. கதை தாவீதின் பக்கம் சாய்கிறது. ஆனால் மீகாளின் கேள்வியை அது அழித்துவிடவில்லை. எழுதி வைத்திருக்கிறது. மானம் என்பது துணியில் இருக்கிறதா, மனதில் இருக்கிறதா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

இந்த உடைக்கு எவ்வளவு பலம் இருந்தது என்று ரோமர்களுக்கு நன்றாகத் தெரியும். பிரதான ஆசாரியனின் உடையை அவர்கள் ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் முத்திரையிட்டுப் பூட்டி வைத்தார்கள். திருவிழாவுக்கு ஏழு நாள் முன்பு எடுத்துக் கொடுப்பார்கள், முடிந்ததும் வாங்கிக்கொள்வார்கள். சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ் இதை எழுதியிருக்கிறார். கி.பி. 36 வாக்கில் ஆளுநர் வித்தேல்லியு அதை யூதரிடமே திருப்பிக் கொடுத்தார். சில வருடங்களில் மறுபடி பறிக்கும் முயற்சி நடந்தது. யூதர்கள் ரோமுக்கே தூது அனுப்பினார்கள். கி.பி. 45இல் கிலவுதியு பேரரசர் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். ஒரு அங்கிக்காக ரோம் வரை போன வழக்கு! ஏனென்றால் அந்த அங்கியில் இருந்தது ஒரு ஜனத்தின் பெயர்.

கி.பி. 70இல் ஆலயம் எரிந்தது. பிறகு அந்த உடைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் மிஷ்னாவில் ஒரு சின்னக் குறிப்பு மட்டும் மனதில் நிற்கிறது. ஆசாரியர்களின் கிழிந்துபோன சல்லடங்களையும் இடைக்கச்சைகளையும் தூக்கி எறிய மாட்டார்களாம். அவற்றைத் திரியாகத் திரித்து, கூடாரப் பண்டிகை இரவுகளில் பெண்கள் முற்றத்தின் பெரிய விளக்குகளில் எரிப்பார்களாம். எருசலேமில் அந்த வெளிச்சம் படாத முற்றமே இல்லையாம்.

யார் கண்ணிலும் படாமல் ஒரு மனிதனின் கூச்சத்தைக் காப்பாற்றிய துணி, கடைசியில் ஊருக்கே விளக்காக எரிந்திருக்கிறது. அடக்கம் என்றால் அடுத்தவரை மூடச் சொல்வது அல்ல, உயரத்தில் ஏறுகிறவன் முதலில் தன்னைப் பார்த்துக்கொள்வது என்றுதானே அந்தப் பழைய சட்டம் சொல்கிறது? படிக்கட்டில் ஏறும் ஒவ்வொருவரும் யோசிக்கலாம்.