பதவி வகிக்கிறீர்களா?

ராமநாதபுரத்தில் எங்கள் தெரு மாதர் சங்கத்துக்கு என்னைக் காரியதரிசியாகத் தேர்ந்தெடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. 'காரியதரிசிப் பதவி வகிக்கும் ஸ்ரீமதி' என்று அழைப்பிதழில் அச்சானதை நாலு பேரிடம் காட்டிவிட்டு மாமியாரிடமும் நீட்டினேன்.

"ஏத்தா, வகிக்கிறதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"அனுபவிக்கிறது, அத்தை" என்று சொல்லிவிட்டேன். மனசுக்குள் சந்தேகம்தான். அகராதியைப் புரட்டினால், அடடா! வகித்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். வாகனம் என்ற சொல்லும் அதே வடமொழி வேரில் பிறந்ததுதான். பதவி என்ற சொல்லுக்கோ 'வழி' என்றும் ஒரு பொருள் உண்டு. நாற்காலியைப் பற்றிப் பேச்சே இல்லை!

எங்கள் சீமையில் பிறந்தவளுக்கு இதற்கு அகராதி எதற்கு? 'சேதுபதி' என்ற பட்டமே போதாதா? சேது என்றால் அணை, பாலம். அதைக் காப்பவர் சேதுபதி. ராமேசுவரம் போகும் யாத்திரிகர்கள் கள்ளர் பயமின்றி நடக்க வேண்டும் என்றுதான் 1605-ல் மதுரை நாயக்க மன்னர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக்கினார் என்று சரித்திரம் சொல்கிறது. பின்வந்தவர்கள் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். ராமேசுவரம் கோவிலின் மூன்றாம் பிராகாரமும் அவர்கள் திருப்பணிதான்.

1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1803-ல் சீமை ஜமீனாகி, அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியாரின் பொறுப்புக்கு வந்தது. பாருங்கள், அந்தச் சுமையை ஒரு பெண்ணும் தாங்கியிருக்கிறாள்!

அகராதியை மூடியதும் என் கைப்பை ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த தெரு அம்மாள் ஒருத்தி, கணவனை இழந்தவள், மகளின் கல்லூரிச் சம்பளத்துக்கு உதவி கேட்டு எழுதிய மனு மூன்று வாரமாக அதில் தூங்கிக்கொண்டிருந்தது. பணம் கட்ட இரண்டே நாள்தான் பாக்கி!

மறுநாள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கடைசி நாள் மாலை பணம் கட்டியாயிற்று. கால்வலியோடு திண்ணையில் உட்கார்ந்தேன். மாமியார் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். "இப்ப அர்த்தம் தெரியுது ஆத்தா" என்றார்.

சகோதரிகளே, உங்கள் கைப்பையிலும் ஏதாவது தூங்குகிறதா? இன்றே திறந்து பாருங்களேன்!